உங்கள் ஊரில் யார் யார் வாழ்கிறார்கள்? அமெரிக்காவின் இனவாரி மக்கள்தொகைக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு மாற்ற நினைக்கும் நம் குடும்பங்கள் பள்ளியின் தரத்தையும் வேலைக்குப் போகும் தூரத்தையும் பார்த்த கையோடு தேடுவது, "அந்த ஊரில் நம்மவர்கள் எத்தனை பேர்?" என்பதைத்தான். தேடினால் சதவீதங்கள் வந்து கொட்டுகின்றன. ஒரு பக்கம் சொல்வதும் இன்னொரு பக்கம் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. தமிழ்ப் பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எண்கள் எல்லாம் ஒரு படிவம் நீட்டிய பெட்டிகளில் மக்கள் தாங்களே போட்ட டிக்குகளின் கூட்டுத்தொகை. பெட்டி மாறினால் எண்ணும் மாறும்.

ஒரே ஊருக்கு மூன்று இடங்களில் மூன்று எண்கள் காட்டுகிறதே, எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு கணக்குகளிலிருந்து வருகின்றன.

முதலாவது, பத்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சென்சஸ். கடைசியாக 2020 ஏப்ரல் 1 நிலவரப்படி எடுத்தார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகை 33,14,49,281 என்று வந்தது அதில்தான். எல்லோரையும் எண்ணுவார்கள், ஆனால் கேள்விகள் மிகக் குறைவு: வயது, பாலினம், இனம், ஒரே வீட்டில் இருப்பவர்களின் உறவு, சொந்த வீடா வாடகையா, அவ்வளவுதான்.

இரண்டாவது, அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே. சுருக்கமாக ஏசிஎஸ். இது வருடம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஏறக்குறைய 35 லட்சம் முகவரிகளுக்கு மட்டும் படிவம் போகும். வீட்டில் பேசும் மொழி, பிறந்த நாடு, வருமானம், படிப்பு எல்லாம் கேட்பது இதில்தான். மாதிரிக் கணக்கு என்பதால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு ஒன்று இருக்கும்.

மூன்றாவது, சென்சஸ் பீரோ வருடாவருடம் வெளியிடும் மக்கள்தொகை மதிப்பீடு. பழைய கணக்கில் பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வந்தவர் போனவரைச் சேர்த்துக் கணக்கிடுவது.

குழப்பம் பெரும்பாலும் சென்சஸ் பீரோ தளத்தின் குவிக்ஃபேக்ட்ஸ் என்ற பக்கத்தில் தொடங்குகிறது. எல்லோரும் முதலில் திறப்பது அதைத்தான். அதில் மாநிலம், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஆகியவற்றின் இன சதவீதங்கள் மூன்றாவது வகையான மதிப்பீட்டிலிருந்து வருகின்றன. நகரங்களுக்கு வருபவையோ ஏசிஎஸ் எண்கள். ஒரே பக்கத்தில் கவுண்டியையும் நகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர், தெரியாமலேயே இரண்டு வேறு கணக்குகளை ஒப்பிடுகிறார். எவ்வளவு வித்தியாசம் வரும் தெரியுமா? 2020 சென்சஸில் 'வெள்ளையர் மட்டும்' என்று பதிலளித்தவர்கள் நாடு முழுவதும் 61.6 சதவீதம். குவிக்ஃபேக்ட்ஸில் அதே தலைப்பின் கீழ் 75 சதவீதம் அளவில் காட்டும். காரணம், மதிப்பீட்டில் 'வேறு ஏதேனும் இனம்' என்ற பெட்டியே கிடையாது. அதில் டிக் செய்தவர்களை, பெரும்பாலும் ஹிஸ்பானிக் (ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களை, மற்ற ஐந்து இனங்களுக்குள் பகிர்ந்து போட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், பள்ளி தரும் எண்கள் நான்காவது ரகம். பெற்றோர் சேர்க்கைப் படிவத்தில் எழுதியதை வைத்து அவர்கள் கணக்கிடுகிறார்கள். அங்கே ஹிஸ்பானிக் என்று சொன்ன குழந்தை வேறு எந்த இனத்தை டிக் செய்திருந்தாலும் ஹிஸ்பானிக் கணக்கில் மட்டும்தான் சேரும். வகுப்பறையில் இருப்பது ஊரிலுள்ள குழந்தைகள் மட்டும் என்பதால், ஊர்க் கணக்கோடு அது பொருந்தவும் தேவையில்லை.

எல்லா சதவீதத்தையும் கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறது. ஏன்?

ரேஸ் (அதாவது இனம்), எத்னிசிட்டி என்று இரண்டு கேள்விகள் இருப்பதால். அமெரிக்க அரசுக் கணக்கில் எத்னிசிட்டி என்றால் நாம் நினைக்கிற மாதிரி மொழி, பண்பாடு, குலம் எல்லாம் அடங்கிய விஷயம் அல்ல. "நீங்கள் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ வம்சாவளியா, இல்லையா?" என்ற ஒரே கேள்விதான் அது. இனக் கேள்வி அதற்கு அடுத்து தனியாக வரும். மெக்சிகோ வம்சாவளிப் பெண் ஒருவர் முதல் கேள்விக்கு 'ஆம்' என்றும், இரண்டாவதில் 'வெள்ளையர்' என்றும் சொல்லலாம். அவரை இரண்டு வரிசைகளிலும் எண்ணுவார்கள். 2020-இல் ஹிஸ்பானிக் மக்கள் 18.7 சதவீதம். அவர்கள் எல்லோரும் ஏதாவது ஓர் இனத்தின் வரிசையிலும் இருக்கிறார்கள்.

ஒருவரை ஒரே முறை எண்ணிய அட்டவணை வேண்டுமென்றால் சென்சஸ் பீரோவின் தளத்தில் பி03002 என்ற எண்ணைத் தேடுங்கள். ஹிஸ்பானிக் அல்லாதவர்களை இனவாரியாகப் பிரித்து, ஹிஸ்பானிக் மக்களைத் தனியாக வைத்திருக்கும். கூட்டினால் சரியாக 100 வரும். ஊரைப் பற்றி ஒரே ஓர் அட்டவணை பார்க்க நேரமிருந்தால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

நாம் எந்தப் பெட்டியில் டிக் செய்ய வேண்டும்?

உங்களைப் பற்றி நீங்கள் சொல்வதுதான் பதில். யாரும் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. ஆனால் பெட்டிகளின் அமைப்பு தெரிந்திருப்பது நல்லது.

2020 படிவத்தில் ஆசியர் என்று ஒரே பெட்டி இல்லை. சீனர், ஃபிலிப்பினோ, ஏசியன் இந்தியன், வியட்நாமியர், கொரியர், ஜப்பானியர் என ஆறு பெட்டிகள், அவற்றோடு 'வேறு ஆசியர்' என்று எழுதுவதற்கான இடம். இந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் ஏசியன் இந்தியன் பெட்டியை டிக் செய்வார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு என அச்சிட்ட பெட்டி இல்லை. 'வேறு ஆசியர்' என்பதை டிக் செய்து கீழே ஸ்ரீலங்கன் என்று எழுதினால் அந்தப் பெயரிலேயே கணக்கில் வருவார்கள். எழுதாமல் விட்டால் ஆசியர் என்ற பெரிய எண்ணில் மட்டும் கரைந்துபோவார்கள். மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் நாட்டைச் சொல்வதா வம்சாவளியைச் சொல்வதா என்பது அவரவர் முடிவு.

வேகமாக நிரப்பும்போது கவனம் தேவைப்படுகிற இடம் ஒன்று உண்டு. 'அமெரிக்கன் இந்தியன்' என்ற பெட்டி பட்டியலில் மேலேயே இருக்கும். அது இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கானது. "அமெரிக்காவில் இருக்கிறோம், இந்தியர்கள், அப்போ இதுதானே" என்று நம்மவர்கள் அதில் டிக் செய்துவிடும் ஆபத்து நிஜமானது. சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் கணக்கில் அந்நியர் பத்துப் பேர் சேர்ந்தாலும் அது அவர்களுக்கு இழைக்கும் தவறு.

அப்பா ஒரு இனம், அம்மா ஒரு இனம். குழந்தைக்கு?

2000-ஆம் ஆண்டிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை டிக் செய்யலாம். சென்னையில் பிறந்த தாய்க்கும் ஜமைக்காவில் பிறந்த தந்தைக்கும் பிறந்தவர் கமலா ஹாரிஸ். அப்படிப்பட்ட குடும்பத்துக் குழந்தை ஏசியன் இந்தியன், கறுப்பர் இரண்டையும் டிக் செய்யலாம். ஆனால் அந்தக் குழந்தை 'ஆசியர் மட்டும்' என்ற வரியில் இருக்காது, 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்' என்ற வரிக்குப் போய்விடும். அதனால்தான் அட்டவணைகளில் 'மட்டும்', 'மட்டும் அல்லது மற்றவற்றோடு சேர்ந்து' என்று இரண்டு விதமாக வரும். ஏசியன் இந்தியன் மட்டும் என்றவர்கள் 2020-இல் ஏறக்குறைய 44 லட்சம் பேர். மற்ற இனங்களோடு சேர்த்துச் சொன்னவர்களையும் சேர்த்தால் 48 லட்சம். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் இதில் எது என்று கேளுங்கள்.

ஆசியர் சதவீதம் தெரிகிறது. இந்தியர்களை மட்டும் எப்படிப் பார்ப்பது?

சென்சஸ் பீரோவின் தளத்தில் (டேட்டா.சென்சஸ்.கவ்) பி02015 என்ற அட்டவணை. ஆசியர்களை உட்பிரிவுகளாகப் பிரித்துக் காட்டும். நியூ ஜெர்சியின் எடிசனிலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஆசியர்கள். ஆனால் ஒரு ஊரின் ஆசியர் எண்ணுக்குள் சீனர், இந்தியர், ஃபிலிப்பினோ எந்த அளவில் கலந்திருக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆசியர் சதவீதத்தை மட்டும் பார்த்து "நம்மவர்கள் நிறைய" என்று முடிவு செய்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

தமிழர்கள் எத்தனை பேர் என்று தனியாகத் தெரியுமா?

இனக் கேள்வியிலிருந்து தெரியாது. மொழிக் கேள்வியிலிருந்து ஓரளவு தெரியும். ஏசிஎஸ் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறார்களா, என்ன மொழி என்று கேட்கிறது. அந்தப் பதில்களைத் தொகுத்த பி16001 அட்டவணையில் 2016 முதல் தமிழுக்குத் தனி வரி இருக்கிறது. தெலுங்குக்கும் உண்டு. மலையாளமும் கன்னடமும் மற்ற திராவிட மொழிகளோடு சேர்ந்து ஒரே வரியில் வரும்.

சின்ன ஊர்களுக்குப் போனால் அந்த விவரம் கிடைக்காது. அங்கே கிடைப்பது சி16001 என்ற சுருக்கமான அட்டவணை. அதில் இந்தியும் குஜராத்தியும் 'மற்ற இந்தோ-ஐரோப்பிய மொழிகள்' என்ற வரியில் இருக்கும். தமிழோ 'மற்ற ஆசிய, பசிஃபிக் தீவு மொழிகள்' என்ற வரியில் இருக்கும். ஒரே தெருவில் வாழும் இந்தியக் குடும்பங்கள் மொழிக் குடும்பத்தின்படி இரண்டு வரிகளாகப் பிரிந்துபோவதால், அந்த அட்டவணையை வைத்து இந்தியர்களையும் கணக்கிட முடியாது, தமிழர்களையும் கணக்கிட முடியாது.

இன்னொன்று. வீட்டில் தமிழைப் பேசாமல் ஆங்கிலம் மட்டும் பேசும் தமிழ்க் குடும்பம் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அமெரிக்காவின் அரசுக் கணக்கில் தமிழர் என்ற அடையாளம் உயிரோடு இருப்பது வீட்டில் பேசும் மொழி என்ற அந்த ஒரே வரியில்தான். எனக்கு இது மனதைத் தைக்கிற விஷயம். ஏசிஎஸ் படிவம் உங்கள் வீட்டுக்கு வந்தால், குழந்தை அரைகுறையாகப் பேசினாலும் தமிழ் என்று எழுதுங்கள். மொழியில் எவ்வளவு தேர்ச்சி என்று படிவம் கேட்பது ஆங்கிலத்தைப் பற்றி மட்டும்தான்.

மதமும் சாதியும் கேட்பார்களா?

மாட்டார்கள். மதத்தைப் பற்றி யாரையும் கட்டாயப்படுத்திக் கேட்கக்கூடாது என்று 1976-இல் சட்டமே வந்துவிட்டது. சாதிக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் ± என்று ஒன்று போட்டிருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். ஒரு கற்பனை உதாரணம் வைத்துப் பார்ப்போம். உங்கள் பகுதியில் ஏசியன் இந்தியன் மக்கள் முந்தைய ஐந்து வருடக் கணக்கில் 420, பிழை வரம்பு ±190. புதிய கணக்கில் 610, பிழை வரம்பு ±230. "ஐந்து வருடத்தில் 45 சதவீதம் வளர்ச்சி" என்று ஒருவர் சந்தோஷமாகப் பகிர்வார். சரி, கணக்குப் போடுவோம். இரண்டு பிழை வரம்புகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 298. வித்தியாசமோ 190 தான். பிழை வரம்பைவிட வித்தியாசம் சின்னது. அதாவது வளர்ச்சி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

65,000 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு மட்டும்தான் ஒரு வருட ஏசிஎஸ் எண்கள் வரும். சின்ன ஊர்களுக்கு ஐந்து வருடங்களைச் சேர்த்த எண்கள். ஒப்பிடும்போது ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. 2014–2018-ஐ 2019–2023-உடன் ஒப்பிடலாம். 2018–2022-ஐ 2019–2023-உடன் ஒப்பிட்டால், இரண்டிலும் நான்கு வருடங்கள் ஒன்றேதான்.

ஜிப் கோடு போட்டுத் தேடினால் போதாதா?

ஜிப் கோடு என்பது தபால்காரரின் வழித்தடம். ஊரின் எல்லையோடு அதற்குச் சம்பந்தமில்லை. சென்சஸ் பீரோ அதைத் தோராயமாகப் பின்பற்றி ஒரு பகுதியை வரைந்து எண்களைத் தருகிறது, அவ்வளவுதான். ஊர்ப் பெயரும் ஏமாற்றும். நியூ ஜெர்சியின் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைகளுக்குப் போகிறவர்கள் சொல்லும் ஐசலின், தனி நகராட்சியே அல்ல. வுட்பிரிட்ஜ் டவுன்ஷிப்புக்குள் இருக்கும் பகுதி, சென்சஸ் அதற்குத் தனி எல்லை வரைந்து எண்களைத் தருகிறது. அதே சாலையின் இன்னொரு பாகம் எடிசனில் இருக்கிறது. பக்கத்துத் தெருவைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் சென்சஸ் ட்ராக்ட் என்ற பிரிவு வசதியானது. பொதுவாக 4,000 பேர் அளவில், குறைந்தது 1,200, அதிகபட்சம் 8,000 பேர் இருக்கும்படி வரைவார்கள்.

கலப்பு இனத்தவர் பத்து வருடத்தில் நான்கு மடங்கு ஆனார்களாமே?

2010-இல் 90 லட்சம், 2020-இல் 3 கோடியே 38 லட்சம். எண் உண்மைதான். ஆனால் அத்தனை பேரும் பிறப்பாலும் திருமணத்தாலும் வந்தவர்கள் அல்ல. 2020 படிவத்தில் வெள்ளையர், கறுப்பர் பெட்டிகளின் கீழும் பூர்வீகத்தை எழுத இடம் விட்டார்கள். எழுதியதை முன்பைவிட நீளமாகப் படித்துக் குறியீடு கொடுத்தார்கள். முன்பு ஒரே இனமாகப் பதிவானவர் இப்போது எழுதிய சொற்களின் காரணமாக இரண்டு இனமாகப் பதிவானார். உங்கள் ஊரில் 'வெள்ளையர் மட்டும்' எண் சட்டென்று இறங்கியிருந்தால் யாரோ ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. இதைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் பகிர்கிறவர்கள் ஊருக்குள் தேவையில்லாத பயத்தை விதைக்கிறார்கள்.

முன்பெல்லாம் இந்தியர்களை எப்படி எண்ணினார்கள்?

1920, 1930, 1940 ஆகிய மூன்று சென்சஸ்களில் 'ஹிந்து' என்பது இனத்தின் பெயர். அப்போது இங்கே இருந்த இந்தியர்களில் பெரும்பாலோர் கலிஃபோர்னியாவில் விவசாயம் செய்த பஞ்சாபி சீக்கியர்கள். அவர்களும் ஹிந்து என்றே பதிவானார்கள். இனத்தை அப்போது நிரப்பியது வீட்டு வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர்.

1923-இல் பகத் சிங் திண்ட் என்ற சீக்கியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்ல, குடியுரிமை பெற முடியாது என்று சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. குடியுரிமைக்கான வழி திரும்பத் திறந்தது 1946-இல்தான். வேடிக்கை என்னவென்றால் 1970 சென்சஸில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். இந்தியச் சங்கங்கள் அரசிடம் வாதாடிய பிறகு, 1980 படிவத்தில் ஏசியன் இந்தியன் என்ற பெட்டி வந்தது. அந்த வருடம் அதில் எண்ணப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் கீழ். மனிதர்கள் அதே மனிதர்கள். அறுபது வருடத்துக்குள் ஹிந்து, வெள்ளையர், ஆசியர் என்று மூன்று இனமாகிவிட்டார்கள்.

இந்த விவரத்தை நமக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டார்களா?

நியாயமான பயம். அதை லேசாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் ரகசியக் காப்பைத் தளர்த்தும் சட்டம் வந்தது. ஜப்பானிய அமெரிக்கர்கள் எந்தப் பகுதிகளில் வாழ்ந்தார்கள் என்ற சென்சஸ் கணக்கு, அவர்களை முகாம்களுக்கு அனுப்பும் வேலைக்குப் பயன்பட்டது. சென்சஸ் பீரோவின் இயக்குநராக இருந்த கென்னத் ப்ரூவிட் 2000-இல் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

இன்றுள்ள சட்டம் கடுமையானது. தனிநபர் விவரத்தை வெளியிடும் ஊழியருக்கு ஐந்து வருடம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். குடியேற்றத் துறைக்கோ காவல் துறைக்கோ உங்கள் படிவத்தைத் தரக்கூடாது. தனிப்பட்ட படிவங்கள் 72 வருடம் கழித்துத்தான் திறக்கும். 1950-இன் ஏடுகள் 2022 ஏப்ரலில்தான் வெளிவந்தன. அதுபோக 2020-இல், யாரையும் அடையாளம் காண முடியாதபடி சின்னப் பகுதிகளின் எண்களில் வேண்டுமென்றே சிறு மாற்றங்களைக் கலந்திருக்கிறார்கள். ஒரே ஒரு கட்டடத் தொகுதிக்கான இனக் கணக்கைப் பார்த்து வியக்காமல், பல தொகுதிகளைச் சேர்த்துப் பாருங்கள்.

விசாவில் இருப்பவர்களையும் எண்ணுவார்களா? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, அப்பா?

எச்-1பி, எச்-4, மாணவர் விசா, க்ரீன் கார்டு, எதுவானாலும் இங்கே வசிப்பவர்கள் எல்லோரும் கணக்கில் உண்டு. பேறுகாலத்துக்கு உதவியாகவோ விடுமுறைக்கோ சுற்றுலா விசாவில் வந்த பெற்றோரை எண்ணக்கூடாது. அவர்கள் வழக்கமாக வசிப்பது ஊரில். ஆனால் அந்தப் பிரசவத்தில் ஏப்ரல் 1-க்குள் பிறந்த குழந்தையை எண்ண வேண்டும். மருத்துவமனையில் இருந்தாலும்தான். ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2020-இல் 2.79 சதவீதம் விடுபட்டுப்போனார்கள் என்று சென்சஸ் பீரோவே பிறகு சரிபார்த்துச் சொன்னது.

அதே சரிபார்ப்பில் கறுப்பின மக்கள் 3.30 சதவீதமும், ஹிஸ்பானிக் மக்கள் 4.99 சதவீதமும், ஒதுக்கீட்டு நிலங்களில் வாழும் பூர்வகுடிகள் 5.64 சதவீதமும் குறைவாக எண்ணப்பட்டது தெரிந்தது. ஆசியர்கள் 2.62 சதவீதம் அதிகமாகவே எண்ணப்பட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே ஓரத்தில் இருப்பவர்கள்தான் கணக்கிலும் விடுபடுகிறார்கள்.

இதெல்லாம் எதற்குப் பயன்படுகிறது?

தொகுதி எல்லைகளை வரைவதற்கு, பள்ளி மாவட்டங்களுக்கு நிதி ஒதுக்குவதற்கு, வீடு வாடகைக்குத் தருவதில் பாரபட்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நமக்கு நெருக்கமான உதாரணம் வாக்குச்சீட்டு. வாக்குரிமைச் சட்டத்தின் 203-ஆம் பிரிவின்படி, ஒரு கவுண்டியில் ஆங்கிலம் சரியாகத் தெரியாத ஒரு மொழிச் சிறுபான்மைக் குடிமக்கள் வாக்களிக்கும் வயதில் 10,000 பேருக்கு மேல் அல்லது 5 சதவீதத்துக்கு மேல் இருந்து, அவர்களின் எழுத்தறிவின்மையும் தேசிய அளவைவிட அதிகமானால், அவர்கள் மொழியில் வாக்குச்சீட்டு தர வேண்டும். இதை ஏசிஎஸ் எண்களை வைத்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முடிவு செய்கிறார்கள். நியூயார்க்கின் க்வீன்ஸ் கவுண்டியில் ஏசியன் இந்தியன் என்ற பிரிவு இந்த வரம்பைத் தொட்டது. அதற்கான மொழியாகத் தேர்வான வங்காளத்தில் வாக்குச்சீட்டு வந்தது.

2030-இல் என்ன மாறும்?

2024 மார்ச்சில் விதியை மாற்றினார்கள். அதன்படி ரேஸ், எத்னிசிட்டி இரண்டும் ஒரே கேள்வியாகும். ஹிஸ்பானிக் என்பது மற்ற இனங்களோடு ஒரே பட்டியலில் நிற்கும். இதுவரை வெள்ளையர் கணக்கில் இருந்த மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க மக்களுக்குத் தனிப் பெட்டி. மொத்தம் ஏழு பிரிவுகள். அரசுத் துறைகள் 2029 மார்ச்சுக்குள் இதற்கு மாற வேண்டும் என்று அந்த விதி முதலில் சொன்னது. அப்படி நடந்தால் 2020-இன் சதவீதத்தை 2030-உடன் நேராக வைத்து ஒப்பிட முடியாது. மிச்சிகனின் டியர்பார்ன் போல அரபு வம்சாவளியினர் நிறைய வாழும் ஊர்களில் ஒரே இரவில் 'வெள்ளையர்' பெருமளவு குறைந்தது போலத் தோன்றும். அங்கே வசிப்பவர்கள் அதே வீடுகளில் இருப்பார்கள்.